கால்நடைப் பண்ணைகளும் காலநிலை மாற்றமும்

மலைநாட்டுக் கமக்காரர் அறிய வேண்டியவை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்கும், அங்கிருந்து வலப்பனைக்கும் செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்களும் மரக்கறிப் பாத்திகளும் தொடர்ந்து காணப்படும். கீழே பள்ளத்தாக்குகளில் நெல்வயல்கள் படிப்படியாக அமைந்துள்ளன. இப்பகுதியிற் பயிர்செய்வோர் யாவரும் மழையை நம்பி வாழ்பவர்கள். மழை பிந்தினால் நாற்று வாடும். அளவுக்கு மிஞ்சினால் பாத்தி மண்ணோடு கழுவுண்டு போகும். சில வேளைகளில் மலைச்சாரலே சரிந்து விடுவதும் உண்டு. 2007ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் நிகழ்ந்த மண்சரிவுகளையும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையையும் இப்பகுதி மக்கள் மறந்திரார்.

ஒரு புயலுக்கோ ஒரு மண்சரிவுக்கோ காரணம் இதுவொன்றே எனக் கூறிவிட முடியாது. ஆயினும், வளியின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடும்போது, அது தாங்கக்கூடிய நீராவி 100க்கு ஏறத்தாழ 7 பங்கு கூடுகின்றது. ஆகவே, வெப்பமேறிய உலகில் பெய்யும் கனமழை முன்னையிலும் கனமாகப் பெய்கின்றது. 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, ஆலைத்தொழில் பரவுமுன் இருந்ததினும் ஏறத்தாழ 1.5 பாகை கூடியிருந்தது. இவ்வெப்ப உயர்வுக்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுதல் தலையாய காரணமாகும். எனினும் கால்நடை வளர்ப்பின் பங்கும் சிறிதன்று. அதனை விளக்கி, கமக்காரர் செய்யத்தக்கவற்றை எடுத்துரைப்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

கால்நடையிலிருந்து வெளிவரும் வாயுக்கள்

பசு, எருமை, ஆடு ஆகியன அசைபோடும் விலங்குகள். அவை உண்ணும் புல்லும் வைக்கோலும் முதலிற் பெருவயிற்றைச் சேருகின்றன. அங்கே வளியில்லா நிலையில் வாழும் நுண்ணங்கிகள் நாரைச் சிதைத்து, விலங்குக்கு உணவாக்குகின்றன. அப்பொழுது மெதேன் என்னும் வாயுவும் உண்டாகின்றது. விலங்கு இதனைப் பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளிவிடுகின்றது. உடலின் அளவையும் தீனியையும் பொறுத்து, ஒரு பசு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 130 கிலோகிராம் மெதேனை இவ்வாறு வெளிவிடும். தீனியின் சத்தில் 100க்கு ஏறத்தாழ 6 பங்கு இவ்வழியே வீணாகின்றது. இது வளிமண்டலத்துக்குக் கேடு, மாட்டுக்காரருக்கும் நட்டம்.

மெதேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்கும். ஆயினும், 100 ஆண்டுக் காலத்தைக் கணக்கிட்டால், அது நிறைக்கு நிறை காபனீரொட்சைட்டைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைத் தடுத்து வைக்கும். நைதரசு ஒட்சைட்டு என்னும் பிறிதொரு வாயு ஏறத்தாழ 270 மடங்கு தடுத்து வைக்கும். இஃது எருவிலும் பசளையிலும் உள்ள நைதரசனிலிருந்து உண்டாகி, நூறாண்டுக்கு மேலும் நிலைத்திருக்கும்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, மனிதரின் செயல்களால் வெளிவரும் வெப்பமூட்டும் வாயுக்களில் 100க்கு 14.5 பங்கு கால்நடைத் தொழிலைச் சார்ந்தது. அதே நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட புதிய கணக்கு இதனை ஏறத்தாழ 12 பங்கு என மதிப்பிட்டது. 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி இதில் ஏறக்குறைய பாதி, தீனியை விளைவித்தலாலும் பதப்படுத்தலாலும் வருவது. 39 பங்கு விலங்குகளின் ஏப்பத்தால் வருவது. 10 பங்கு எருவால் வருவது.

செறிவுப் பண்ணைகளால் வரும் கேடு

முற்காலத்தில் மாடு நின்ற இடத்துக்கு அருகிலேயே வயல் இருந்தது. வயலின் வைக்கோல் மாட்டுக்கும், மாட்டின் சாணம் வயலுக்கும் போய்ச் சேர்ந்தன. பல்லாயிரம் விலங்குகளை ஓரிடத்தில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் இத்தொடர்பு அறுந்து விடுகின்றது. தீனி தூரதேசங்களிலிருந்து வரும். தென்னமெரிக்காவிற் பெருங்காடுகளும் புல்வெளிகளும் அழிக்கப்பட்டு, கால்நடைத் தீனிக்காகச் சோயா பயிரிடப்பட்டுள்ளது. காடு அழியும்போது மரத்திலும் மண்ணிலும் சேர்ந்திருந்த காபன் வளியிற் கலக்கின்றது. பண்ணையில் விழும் எருவோ, அருகிலுள்ள நிலம் ஏற்கக்கூடிய அளவுக்கு மிஞ்சியது. அது நீரோடு கழுவப்பட்டுக் குழிகளிலே தேங்கும்போது, வளியின்றி அழுகி மெதேனை வெளிவிடுகின்றது.

அம்பேவெலையிற் போன்ற பெரும் பாற்பண்ணைகள் இலங்கையிற் சிலவே. ஆனாற் கோழிப்பண்ணைகள் பல உள்ளன. கோழி அசைபோடுவதில்லை, ஆதலால் அதன் ஏப்பத்தால் வரும் கேடு இல்லை. அதன் கேடு தீனியாலும் எருவாலும் வருவது. வடமேல் மாகாணத்திற் பெரும் எண்ணிக்கையில் வளர்க்கப்படும் கோழிகளின் தீனிக்கு இறக்குமதிச் சோயாப் பிண்ணாக்குச் சேருகின்றது. பண்ணைகளின் கோழியெரு லொறிகளில் ஏறி மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களுக்கு வருகின்றது. எனவே செறிவுப் பண்ணையின் கேடு எங்கோ நிகழ்வதன்று. அதன் ஒரு முனை, கோவாவும் லீக்சும் கரட்டும் விளையும் நம் பாத்தியிலேயே முடிகின்றது. கோழியெருவை அளவின்றி இட்டு, அதன்மேல் இரசாயனப் பசளையும் முழு அளவாக இடுவோமாயின், பயிர் ஏற்காத நைதரசன் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக மேலே போகும். மறு பகுதி மழைநீரோடு ஓடையைச் சேரும்.

சிறு கமக்காரரின் பசு குற்றமற்றதா?

இக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுதல் வேண்டும். தேறிய தீனி உண்டு நாளொன்றுக்கு 20 லீற்றர் பால் தரும் பசுவை விட, முற்றிய புல்லை மட்டும் உண்டு 3 லீற்றர் தரும் மெலிந்த பசு, லீற்றர் ஒன்றுக்குக் கூடுதலான மெதேனை வெளிவிடும். ஆகையால், சிறு பட்டி என்பதனால் மட்டும் அது நன்மையாகி விடாது. சிறு கமக்காரரிடம் உள்ள பேறு வேறு. அவருடைய மாடும் பாத்தியும் அருகருகே உள்ளன. சாணத்தைத் தேங்கவிடாது நிலத்துக்குத் திருப்புதல் அவருக்கு இயலும். இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட 2021ஆம் ஆண்டில், சொந்த எருவின் அருமையை அனைவரும் உணர்ந்தனர்.

செய்யத்தக்கவை

1. தீனி: புல்லைப் பூக்குமுன், இளமையிலேயே அறுத்து, சிறிதாக வெட்டிக் கொடுத்தல் நன்று. முற்றிய புல் நார் மிகுந்தது. பாலைக் குறைத்து மெதேனைக் கூட்டும். தேயிலைக்கு நிழலாக நடப்படும் முள்முருக்கின் இலை, தாழ்ந்த இடங்களில் வளரும் சீமைக்கிளுவை ஆகியவற்றைப் புல்லோடு சேர்த்துக் கொடுக்கலாம். குடிநீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். பால் வற்றிய பல மாடுகளைப் பட்டினியாக வைத்திருப்பதிலும், இரண்டை நன்கு பேணுதல் இலாபமாகும்.

2. எரு: சாணத்தை நீரோடு குழியில் தேங்கவிடுதல் தவறு. தொழுவத் தரையில் உலர்ந்த சருகையோ வைக்கோலையோ பரப்பிச் சிறுநீரை உறிஞ்சச் செய்க. இவற்றைச் சாணத்தோடு அடுக்கடுக்காக நான்கு அடி உயரத்துக்குக் குவித்து, இரண்டு மூன்று வாரங்களுக்கொரு முறை புரட்டி விடுக. உள்ளே வளி புகுந்தால் மெதேன் குறையும். மழையில் நனையாதபடி கூரையிடுதல் அவசியம். குளிரான இடங்களில் எரு மக்குவதற்கு மூன்று மாதத்துக்கு மேலும் செல்லும்.

3. சாண எரிவாயு: இரண்டு மூன்று மாடுகள் உடையோர் சாணத்திலிருந்து வரும் மெதேனைக் கலத்தில் அடைத்து அடுப்பெரிக்கலாம். குளிரில் வாயு மெதுவாகவே உண்டாகும். ஆகவே வெயில் படும் இடத்தைத் தெரிந்து கலத்தை அமைத்தல் வேண்டும். வாயு கசியுமாயின் பயன் கெட்டு விடும். எஞ்சிய கூழைப் பாத்திக்கு இடலாம்.

4. கோழியெரு: பச்சையாக இடாது, சருகோடு மக்கச் செய்து இடுக. இட்டவுடன் மண்ணோடு கலந்து விடுதல் வேண்டும். பெருமழை வருமென அறிந்த நாளில் இடலாகாது. எரு இட்ட அளவுக்கு ஏற்ப இரசாயனப் பசளையைக் குறைத்தல், மண்பரிசோதனை செய்து தீர்மானித்தற்குரியது.

5. நெல்வயல்: நீர் நின்ற வயலும், மாட்டின் வயிற்றைப் போலவே, வளியில்லா மண்ணில் மெதேனை உண்டாக்கும். பச்சைச் சாணத்தையும் வைக்கோலையும் நீர் கட்டுதற்குச் சற்று முன் உழுது புதைத்தால் இது மிகும். அவற்றை மக்கச் செய்தே இடுக. நீர்வசதி உறுதியாக உள்ள இடத்தில், நட்ட இரண்டு வாரத்தின் பின், நீர் நிலமட்டத்துக்குக் கீழே 15 சென்றிமீற்றர் இறங்கும்வரை விட்டு, மீண்டும் பாய்ச்சலாம். இவ்வாறு செய்தால் மெதேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், நீரும் மிச்சப்படும். பூக்கும் காலத்தில் மட்டும் நீர் குறையலாகாது. மலைச்சரிவு வயல்களில் வரம்பு வெடிக்காதபடி கவனித்துக் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இராகலையின் ஒரு பட்டியால் உலகின் வெப்பம் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. பெரும் பண்ணைகளும், அவற்றின் பொருள்களை மிகுதியாக நுகரும் செல்வ நாடுகளும் செய்ய வேண்டியவை இதனினும் பல. ஆயினும், மேலே கூறியவை அனைத்தும் பாலையும் எருவையும் நீரையும் வீணாகாது காப்பவை. அவற்றின் பயன் முதலிற் கமக்காரரையே சேரும். வரும் மழைக்கு முன் தம் தொழுவத்தின் கழிவு எங்கே ஓடுகின்றது என்பதை ஒவ்வொருவரும் ஒருமுறை சென்று பார்த்தல் நன்று. அது ஓடையை நோக்கி ஓடுமாயின், அன்றே அதனைப் பாத்திப்பக்கம் திருப்பும் வழியைத் தேடுக. மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ, அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தையோ அணுகலாம்.