இராயப்பரின் வாள்: தற்காப்பும் படைத்தொழிலும் பற்றிய கிறித்தவ நோக்குகள்

ஆய்வுச் சுருக்கம்

தற்காப்பு, வன்முறை, படைத்தொழில் ஆகியன குறித்துக் கிறித்தவ மரபில் ஒருமித்த கருத்து இல்லை. இராயபுரத்தோடு பெயரால் தொடர்புடைய இராயப்பர் வாளெடுத்த நிகழ்ச்சியை மையமாகக் கொண்டு அம்மரபின் வேறுபட்ட நோக்குகளையும், அவற்றோடு ஒப்பிடத்தக்க தமிழ்ப் புறமரபையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இராயப்பர், தற்காப்பு, நீதிப்போர், நொச்சி, கொல்லாமை.

முன்னுரை

இயேசுவின் சீடராகிய பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்குவர். இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் அவர் பெயரடியாகப் பிறந்தது என்பர். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிகளால் எழுப்பப்பட்டது. கடல்தொழில் செய்வோர் மீனவரான ஒரு சீடரைக் காவலராகக் கொண்டது இயல்பே. ஆயின் அச்சீடரே இயேசு கைதான இரவில் வாளுருவியவர் என்பது இவ்வாய்வுக்கு வாயிலாகிறது.

வாளெடுத்த நிகழ்ச்சி

நற்செய்தி நூல்கள் நான்கும் இந்நிகழ்ச்சியைக் கூறுகின்றன. வெட்டியவர் பேதுரு என்றும், காதறுபட்டவன் மல்குஸ் என்றும் பெயர் சுட்டுவது யோவான் மட்டுமே. அக்காதை இயேசு நலமாக்கியதை லூக்கா மட்டுமே பதிவுசெய்கிறார். வாளை உறையிலிடுமாறு இயேசு பணித்ததை மத்தேயுவும் யோவானும் உரைக்கின்றனர். பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு இப்படைக்கலத்தைப் பட்டயம் என்கிறது; 1995இல் வெளிவந்த திருவிவிலியம் வாள் என்கிறது. கைதாவதற்குச் சற்று முன்னர், வாள் இல்லாதவர் அதை வாங்கிக்கொள்ளட்டும் என்ற பொருளில் இயேசு கூறியதாகவும் லூக்கா குறிப்பிடுகிறார். மறுப்போரும் ஏற்போரும் தத்தம் சான்றை ஒரே இரவின் நிகழ்ச்சிகளிலிருந்தே பெறுகின்றனர்.

மூவகை நோக்குகள்

முதலாவது, முழுமறுப்பு. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், பேதுருவின் வாளைக் களைந்தபோதே இயேசு எல்லாப் படைவீரரின் வாளையும் களைந்துவிட்டார் என வாதிட்டார். கி.பி. 295இல் மாக்சிமிலியன் என்பவர் உரோமப் படையில் சேர மறுத்துக் கொலையுண்டார். பிற்காலத்தில் மென்னோனைட்டுகளும் குவேக்கர்களும் இந்நெறியைத் தொடர்ந்தனர்.

இரண்டாவது, நீதிப்போர்க் கோட்பாடு. அகுஸ்தீன் (354-430) தன்னுயிர் காக்கத் தனிமனிதன் பிறரைக் கொல்வதை ஏற்கவில்லை. எனினும் முறையான ஆட்சியின் ஆணைப்படி, பிறரைக் காக்கப் படைவீரன் போரிடுவதை ஏற்றார். திருமுழுக்கு யோவான் தம்மிடம் வந்த போர்ச்சேவகரைத் தொழிலை விடச் சொல்லாமல், கொடுமை செய்யாதிருக்கவே சொன்னார் என்பது இத்தரப்பின் சான்றுகளுள் ஒன்று.

மூன்றாவது, வரம்புடைய தற்காப்பு. தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) தன்னுயிர் காத்தலே நோக்கமாயின் தாக்கியவன் இறப்பது நோக்கத்திற்குப் புறம்பானது என்றார். தேவைக்கு மிஞ்சிய வன்மை குற்றம் என்றும் வரையறுத்தார். இந்தியச் சட்டமும் இதையொத்த வரம்பை விதிக்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை அளிக்கின்றன. தேவைக்கு மேற்பட்ட தீங்கை விலக்குகின்றன.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நாட்டின் தற்காப்புரிமையை ஏற்றது. மனச்சான்றின்பொருட்டு ஆயுதமேந்த மறுப்போர்க்குச் சட்டம் இடமளிக்க வேண்டும் என்றும் கூறியது. இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை நடைமுறையில் இல்லை. ஆதலால் இங்குப் படையில் சேர்வதும் சேராமையும் தனிமனிதத் தேர்வாகவே நிற்கின்றன.

தமிழ் மரபோடு ஒப்பீடு

தாக்குதலையும் காத்தலையும் வேறுபடுத்தும் நோக்கு தமிழுக்குப் புதிதன்று. நிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. மதில் வளைத்தல் உழிஞை, காத்தல் நொச்சி. தொல்காப்பியம் கரந்தையை வெட்சியுள்ளும் நொச்சியை உழிஞையுள்ளும் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை அவற்றைத் தனித்திணைகளாக்குகிறது. எனினும் புறத்திணை இருசாரார் மறத்தையும் பாடுமேயன்றி, எவர் போர் நீதியானது எனத் தீர்ப்பளிப்பதில்லை. குறளிலும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் படைச்செருக்குக்கு ஓர் அதிகாரமும் உள்ளன. கொடியவரை வேந்தன் கொலையால் தண்டித்தலைக் களையெடுப்புக்கு ஒப்பிடும் வள்ளுவர், தனிமனித அறத்தையும் அரசக் கடமையையும் வேறு பிரிக்கிறார். அகுஸ்தீனின் பகுப்பு இதற்கு நெருங்கியது.

துறைமுகம் எழுப்பும் வினா

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்க் கொள்கலன்களைச் சுட்டு எரித்தது. அச்சத்தால் பலர் நகரைவிட்டு வெளியேறினர். வல்லவனையும் சூழ்ச்சிக்காரனையும் எம்டன் என்னும் வழக்கு அந்நிகழ்ச்சியின் எச்சம். தாக்கிய பேரரசும் தாக்குண்ட பேரரசும் தம்மைக் கிறித்தவ அரசுகளாகவே கருதின. இரண்டும் தத்தம் போரை நீதியானதென்றன. முறையான ஆட்சியின் ஆணை என்னும் அளவுகோல் தனித்துப் போதாது என்பதற்கு இக்கரையே சான்று.

முடிவுரை

இராயப்பர் வாளெடுத்தது தம் உயிரைக் காக்கவன்று. தம் ஆசானைக் காக்கவே. விலக்கப்பட்டது தன்னலமான செயலன்று, அன்பால் விளைந்த செயல். எனவே தற்காப்பு மட்டுமன்றி, அருகிலிருப்பவர்க்காக எதுவரை செல்லலாம் என்பதே இந்நிகழ்ச்சி எழுப்பும் கடினமான வினா. நீதிப்போர்க் கோட்பாட்டினர் இவ்வன்பைக் கடமையாக்கினர். மறுப்போர் அவ்வன்புக்கும் எல்லையிட்டனர். இருதரப்பும் விடைசொல்ல வேண்டிய இடம் காதறுபட்ட மல்குஸ். காப்பதற்காக ஓங்கிய வாள் அங்கிருந்த ஓர் ஏவலனையே வெட்டியது. அவனைக் கணக்கில் கொள்ளாத எவ்விளக்கமும் முழுமையுறாது என்பதே இக்கட்டுரையின் முடிபு.