தறியைத் தேடி வந்த கப்பல்கள்

மாமல்லபுரத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம் வரும். சின்ன ஊர்தான். அங்குள்ள கோட்டையைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும்: துறைமுகமே இல்லாத இடத்தில் டச்சுக்காரர்கள் எதற்காகக் கோட்டை கட்டினார்கள்? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

டச்சுக்காரர்கள் தேடி அலைந்தது கிராம்பையும் ஜாதிக்காயையும். அவை விளைந்தது இந்தோனேசியத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் பதிலுக்கு விரும்பிக் கேட்டது நம் சோழமண்டலக் கரைத் துணியை. துணி கையில் இல்லாவிட்டால் கிராம்பு கிடைக்காது. அதனால்தான் பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் வேரூன்றியவர்கள் இந்த ஊருக்கும் வந்தார்கள். இப்பகுதி நெசவாளர்களின் மெல்லிய மஸ்லினுக்கு அவ்வளவு பேர். வியாபாரிகள் வழியாக முன்பணம் கொடுத்துத் துணியை வாங்கினார்கள்.

சரி, துணியைக் கப்பலில் ஏற்றுவது எப்படி? இந்தக் கரையில் அலை ஓயாமல் மோதும், ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். நடுவில் ஓடியது மசூலா படகு. அதில் ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. கோட்டையைவிட அந்தப் படகைக் கட்டியவர்களின் கைவேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கோட்டை செங்கல் கட்டடம். உள்ளே டச்சுக் கல்லறைகள். கருங்கல் பலகைகளில் குலச்சின்னங்களும் எழுத்துகளும் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நெய்து கொடுத்தவர்களுக்கு அப்படி ஒரு கல்கூட இல்லை என்பது மனதை உறுத்துகிறது.

1781-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். மறு வருடம் பிப்ரவரி 17-ஆம் தேதி, பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் இந்தக் கடலில் மோதினார்கள். இருவருக்கும் முழு வெற்றி கிட்டவில்லை. 1818-இல் ஊர் டச்சுக்காரர்களிடம் திரும்பியது. 1824-இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம்: தங்கள் இந்தியக் குடியிருப்புகளை டச்சுக்காரர்கள் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார்கள். மறு வருடம் சதுரங்கப்பட்டினம் கைமாறியது. அதன்பின் தேடி வரும் கப்பலும் இல்லை. இங்கிலாந்து ஆலைத்துணி வந்திறங்க, தறிக்கும் வேலை குறைந்தது.

கோட்டைக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே வாயலூர் வரை போய்வாருங்கள். பாலாறு கடலில் சேருவது அங்கேதான். வருடத்தில் பெரும்பாலும் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, ஆனால் தோண்டினால் நல்ல தண்ணீர். கல்பாக்கம் அணுமின் வளாகத்துக்கும் அந்த ஆற்றுப் படுகையிலிருந்து நல்ல தண்ணீர் போகிறது. அதே வாயலூர்ச் சிவன் கோயில் தூண் ஒன்றில் இராஜசிம்ம பல்லவன் தன் முன்னோர் வரிசையைப் பொறித்து வைத்திருக்கிறான். டச்சுக் கப்பல்கள் வருவதற்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் முன்பே இந்த முகத்துவாரத்தில் ஊர் இருந்தது.