அமிலக் குறைப்பு மாத்திரையும் பெருங்குடலும்

நெஞ்செரிச்சலுக்காகவும் இரைப்பைப் புண்ணுக்காகவும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளைப் பல மாதங்களாக உட்கொள்வோர் பலர். “இதனால் பெருங்குடலில் புற்றுநோய் வருமா?” என்பது அவர்களுள் சிலர் எழுப்பும் வினா.

இவ்வச்சத்திற்கு ஒரு காரணம் உண்டு. உணவு வந்தடைந்ததும் இரைப்பையின் சில செல்கள் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. அமிலம் போதிய அளவு சேர்ந்ததும் காஸ்ட்ரின் தானே குறைகிறது. மாத்திரை அமிலத்தைத் தடுக்கும்போது இக்கட்டுப்பாடு தளர்ந்து, இரத்தத்தில் காஸ்ட்ரின் உயர்கிறது. இந்த ஹார்மோன் செல்களின் வளர்ச்சியையும் தூண்டவல்லது. ஆகவே, பெருங்குடலின் உட்படலத்தையும் அது பாதிக்குமோ என்ற ஐயம் எழுந்தது. ஆயினும், டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் நோயாளிகளின் பதிவேடுகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2007-இல் வெளியான ஆய்வுகளில், வழக்கமான அளவில் உட்கொண்டோரிடம் பெருங்குடல் புற்றுநோய் குறிப்பிடத்தக்க அளவில் மிகுந்திருக்கவில்லை.

பெருங்குடலைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியவை வேறு. சிலருக்குக் குடலில் கிருமித்தொற்று ஏற்படலாம். அரிதாக, நுண்ணோக்கியில் மட்டுமே புலப்படும் அழற்சி உட்படலத்தில் தோன்றலாம். இரண்டிற்கும் அடையாளம், நீர்போல் தொடரும் வயிற்றுப்போக்கு.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், உயர்ந்திருக்கும் காஸ்ட்ரின் அமிலத்தை மிகையாகச் சுரக்கச் செய்து, சில வாரங்கள் வரை எரிச்சலைக் கூட்டலாம். மேலும், இதயநோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் பலருக்கு இம்மாத்திரை இரைப்பையில் இரத்தக்கசிவு நேராமல் காக்கிறது. எனவே, தாங்களாக நிறுத்தவும் வேண்டா. தாங்களாக ஆண்டுக்கணக்கில் தொடரவும் வேண்டா. மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால், மாத்திரையின்மீது பழியிட்டுக் காத்திராமல் உடனே பரிசோதனைக்கு வாருங்கள்.