போட்ட முதலும் கிடைத்த உரிமையும்: திகில் படங்களில் கறுப்பினக் கலைஞர்கள்

மொத்தச் செலவு 1.14 லட்சம் டாலர். உலகெங்கும் வசூல் ஏறக்குறைய 3 கோடி டாலர். அதாவது, போட்டதைப்போல 260 மடங்கு. 1968-இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் கணக்கு இது. பிட்ஸ்பர்க் நகரில் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கிய வேலை. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ கறுப்பின நாயகன் வேண்டும் என்று தேடவில்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் சிறந்தவராக இருந்தார், அவ்வளவுதான். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடிப் பிழைக்கும் அவரை, விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஆறு மாதம்கூட முழுதாக ஆகாத நேரத்தில் அமெரிக்கா அதைப் பார்த்தது.

அதற்கு முன்பும் கறுப்பினத்தவர் பேய்ப்படங்களில் இருந்தார்கள். 1940-இல் ஸ்பென்சர் வில்லியம்ஸ் எழுதிய 'சன் ஆஃப் இங்காகி' முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டது. ஹாலிவுட்டின் பொதுப் படங்களிலோ அவர்களுக்குக் கிடைத்தது, பயந்து விழி பிதுங்கும் வேலைக்காரர் வேடம்.

ரொமேரோவின் படம் 260 மடங்கு திரும்பத் தந்த பிறகு முதலீடு பெருகியிருக்க வேண்டும். பெரிதாகப் பெருகவில்லை. 1972-இல் கறுப்பின ரத்தக்காட்டேரிப் படமான 'பிளாக்யுலா'வுக்கு 5 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு 'கன்ஜா அண்ட் ஹெஸ்' படத்துக்கு 3.5 லட்சம். பணம் போட்டவர்கள் கேட்டது இன்னொரு பிளாக்யுலா. இயக்குநர் பில் கன் எடுத்துத் தந்தது போதை, மதம், ஆசை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய, அவசரமில்லாத ஒரு ரத்தக்காட்டேரிக் கதை. நாயகன் அதே டுவேன் ஜோன்ஸ். கான் விழாவில் பாராட்டினார்கள். நியூயார்க்கில் ஓடவில்லை என்றதும் படத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அரைமணி நேரத்துக்கு மேல் வெட்டி, 78 நிமிடமாக்கி, வேறு பெயரில் வெளியிட்டார்கள். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் வலிக்கும் எண் அந்த 78. முழுப் பிரதி ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்ததால்தான் படம் பிழைத்தது.

1992-இன் 'கேண்டிமேன்' படத்தில் டோனி டாட் உயிருள்ள தேனீக்களோடு நடித்தார். கொட்டு ஒன்றுக்கு 1,000 டாலர் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார். 23 கொட்டு, 23,000 டாலர். தன் உடம்புக்கு நேரும் வலிக்கு விலை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்த அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

பிறகு 2017. ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்': செலவு 45 லட்சம், வசூல் 25.5 கோடி, ஏறக்குறைய 57 மடங்கு. வசூலில் பாதியளவைத் திரையரங்குகள் எடுத்துக்கொள்ளும், விளம்பரச் செலவு தனி. அவற்றைக் கழித்தாலும் இது பெரும் லாபம். மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் பீல்தான். அடுத்த படம் 'அஸ்' எடுக்க அவருக்கு 2 கோடி கிடைத்தது. 2022-இல் 'நோப்' எடுக்க 6.8 கோடி. 'நோப்' 17.1 கோடி வசூலித்தது, இரண்டரை மடங்குதான். அதைச் சறுக்கல் என்பது சரியல்ல. கொஞ்சப் பணத்தில் அதிசயம் செய்தால்தான் கறுப்பின இயக்குநருக்கு இடம் என்ற நிலை அங்கே தளர்ந்தது.

2025-இல் ரயன் கூக்ளரின் 'சின்னர்ஸ்': செலவு 9 கோடிக்குக் குறையாது, வசூல் 36 கோடிக்கு மேல். 1932-இன் மிசிசிப்பியில் ஓர் இடம் வாங்கித் தங்களுக்கென்று இசைக்கூடம் நடத்த முனையும் இரட்டையரின் கதை. வார்னர் நிறுவனத்திடம் கூக்ளர் கேட்டுப் பெற்றவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். படத்தின் இறுதி வடிவை முடிவு செய்யும் அதிகாரம் அவருடையது; பில் கன்னுக்கு அது இருந்திருந்தால் 78 நிமிடப் பிரதி வந்திருக்காது. மற்றொன்று உரிமை. ரொமேரோ குழு, விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் தங்கள் படத்தையே பொதுச்சொத்தாக இழந்தது. 'சின்னர்ஸ்' 25 ஆண்டு கழித்து, 2050-இல், கூக்ளரிடமே திரும்பி வரும்.