நெடும்பயணமும் முன்னேற்பாடும்

ஊர்கள் நெருங்கியிருக்கும் நாட்டில் வண்டியேறிச் செல்வோர்க்குப் பெருங்கவலை இல்லை. எரிபொருள் தீர்ந்தால் அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். சக்கரம் பழுதுற்றால் தச்சரையோ கொல்லரையோ அழைக்கலாம். பசித்தால் உண்ணவும் இருட்டினால் தங்கவும் இடம் உண்டு. பரந்த பாலையிலும் உயர்ந்த மலையிடுக்குகளிலும் இவ்வுதவிகள் எளிதிற் கிடைப்பதில்லை. அங்கே, புறப்படும்போது மறந்துவிட்ட ஒரு சிறுபொருளே பின்னர் உயிருக்கு இடையூறாக முடியலாம். ஆகவே, அத்தகைய பயணத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் புறப்படுமுன்னரே உறுதியாகிவிடுகின்றன எனலாம். 1907ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு மோட்டார்ப் பயணம் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும்.

அக்காலத்தில் மோட்டார் வண்டி உலகிற்குப் புதியது. செல்வர்கள் நகரத்துத் தெருக்களில் உலாவுவதற்கே அது பயன்படும் என்று பலர் எண்ணினர். பாரிசில் வெளிவந்த 'லெ மாதேன்' என்னும் நாளிதழ், அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள் ஓர் அறைகூவல் விடுத்தது. சீனத்தின் தலைநகராகிய பீக்கிங்கிலிருந்து பாரிசு வரை மோட்டார் வண்டியில் வர வல்லார் உளரோ என்பதே அது. பீக்கிங் என்பது இன்றைய பெய்ஜிங் நகரமாகும். இடையே இருந்த தொலைவு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். அவ்வழியில் சீனத்து மலைகளும், கோபிப் பாலைவனமும், சைபீரியாவின் காடுகளும், யூரல் மலைகளும் குறுக்கிட்டன. பெரும்பகுதியில் மோட்டார் வண்டிக்கு ஏற்ற சாலை என்று ஒன்றும் இல்லை.

பலர் பெயர் கொடுத்தனர். இறுதியில் ஐந்து வண்டிகளே பீக்கிங் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று 'இத்தாலா' என்னும் பெரிய வண்டி. அதன் தலைவர் இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேசே. உடன் சென்றோர் குயிட்சார்தி என்னும் பொறிவல்லாரும் பர்சினி என்னும் செய்தியாளரும் ஆவர். மற்றவை இரண்டு 'தெ தியோன்' வண்டிகளும், ஒரு 'ஸ்பைக்கர்' வண்டியும், மூன்றே சக்கரங்களையுடைய 'கோந்தால்' என்னும் சிறு வண்டியும் ஆகும். கோந்தாலைச் செலுத்தியவர் ஒகுஸ்த் போன்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர்.

போர்கேசே பயணத்திற்கு முன் முதலில் ஆராய்ந்தது வழியை. பீக்கிங்கிற்கு வடக்கே உள்ள மலைகளைக் கடந்துதான் கோபியை அடைய வேண்டும். அம்மலைப் பாதைகளோ கோவேறு கழுதைகள் செல்லும் அளவே அகன்றவை. வண்டி அங்கே நுழையுமா என்று பிறரைக் கேட்டு அவர் அமைதியடையவில்லை. தம் வண்டியின் அகலத்திற்குச் சரியாக ஒரு மூங்கிற்கோலை வெட்டிக்கொண்டு, குதிரைமீதேறி அப்பாதைகளுக்குச் சென்றார். குறுகிய இடந்தோறும் கோலைக் குறுக்கே வைத்து அளந்தார். எங்கே வண்டி தானே செல்லும், எங்கே ஆட்களும் கழுதைகளும் கயிறு கட்டி இழுக்க வேண்டும் என்பவற்றை அவர் முன்னரே அறிந்துகொண்டார். ஒரு மூங்கிற்கோல் அளித்த இவ்வறிவை வேறெந்தப் படமும் அளித்திராது.

அடுத்து அவர் எண்ணிப் பார்த்தது எரிபொருளை. பாலையில் எரிபொருட் கணக்கு நிலப்படத்தின் தொலைவைக் கொண்டு மட்டும் போடத்தக்கதன்று. மணலில் சக்கரம் புதையும். அதனை மீட்டு உருட்டப் பொறி மிகுதியாக உழைக்கும். ஏற்றத்திலும் அவ்வாறே. வழி தவறினால் சென்ற தொலைவே மீண்டும் செல்ல நேரும். ஆகவே, தேவையான அளவு இவ்வளவு என்று கணக்கிட்டபின், எதிர்பாரா இழப்பிற்கும் ஒரு பகுதி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் எரிபொருள் கிடைத்தால், அடுத்து அது கிடைக்கும் இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே பயணத்தின் முதற்கணக்கு.

கோபியின் தென்விளிம்பில் கால்கான் என்னும் ஊரும், வடக்கே உர்கா என்னும் ஊரும் இருந்தன. உர்கா இன்று மங்கோலியாவின் தலைநகராகிய உலான்பாத்தர் ஆகும். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவு. இப்பெருவெளியில் எரிபொருள் விற்பார் எவரும் இலர். எனவே, வண்டிகள் புறப்படுமுன்னரே ஒட்டகங்களின்மேல் எரிபொருள் ஏற்றி அனுப்பப்பட்டது. பாலையின் நடுவே தந்தி நிலையங்கள் இருந்த இடங்களில் அது சேமித்து வைக்கப்பட்டது. விரைந்து செல்லும் புதிய வண்டிக்கு, மெல்ல நடக்கும் பழைய ஒட்டகமே உணவு சுமந்து சென்றது. இவ்வளவோடு போர்கேசே நின்றுவிடவில்லை. இடையில் ஒரு நிலையத்தில் எரிபொருள் கிடைக்காவிடினும் இடருறாதவாறு, மிகுந்த எரிபொருள் கொள்ளும் பெரிய கலங்களைத் தம் வண்டியிலேயே பொருத்திக்கொண்டார்.

மூன்றாவது, சுமை. வேண்டியவை அனைத்தையும் ஏற்றினால் வண்டி சேற்றில் அமிழும். சுமையைக் குறைத்தால் வேண்டியபோது பொருள் இராது. இச்சிக்கலை ஒரு பொருளை இரண்டு பணிக்குப் பயன்படுத்துவதால் ஓரளவு தீர்க்கலாம். இத்தாலா வண்டியின் சக்கரங்களுக்கு மேலிருந்த சேற்றுக்காப்புகள் நீண்ட இரும்புப் பலகைகளால் ஆனவை. அவற்றைக் கழற்றி மணலிலும் சேற்றிலும் பரப்பினால், வண்டி ஏறிச் செல்லும் சிறு பாலமாக அவை உதவின.

நான்காவது, பருவம். கோடைமழை பெருகினால் ஆறுகள் நிறைந்து நிலம் சேறாகும். தாமதித்தால் குளிர்காலம் வந்துவிடும். எனவே, 1907 ஜூன் 10ஆம் நாள் ஐந்து வண்டிகளும் பீக்கிங்கிலிருந்து புறப்பட்டன. மலைகளைக் கடந்து கால்கானை அடைந்தபின், தந்திக் கம்பங்களின் வரிசையையே வழிகாட்டியாகக் கொண்டு அவை பாலைக்குள் நுழைந்தன.

போன்சின் கோந்தால் வண்டி எடை குறைந்தது, செலவும் குறைந்தது. எடையற்ற வண்டியே கரடுமுரடான நாட்டிற்கு ஏற்றது என்று கருதியோரும் அக்காலத்தில் இருந்தனர். ஆனால், சிறிய வண்டியில் எரிபொருளும் சிறிதளவே கொள்ளும். கோபிக்குள் புகுந்த சில காலத்திற்குள் அது தீர்ந்துபோயிற்று. முன்சென்ற வண்டிகள் திரும்பி வரவில்லை. போன்சும் அவருடைய துணைவரும் கடும் வெயிலில் நீரும் உணவும் இன்றித் தவித்தனர். நாடோடிகளாகிய மங்கோலியர் கண்டு காப்பாற்றியிராவிடின் இருவரும் அங்கேயே மாண்டிருப்பர். அவர்கள் உயிர் பிழைத்தனர். வண்டி பாலையிலேயே கைவிடப்பட்டது. ஸ்பைக்கர் வண்டியும் எரிபொருள் தீர்ந்து பாலையில் நின்றது. எரிபொருள் வந்து சேர்ந்தபின்னரே அது மேற்செல்ல இயன்றது. போன்சிடம் துணிவு குறைந்திருக்கவில்லை. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவுக்கு வேண்டிய எரிபொருளே குறைந்திருந்தது.

அப்பாலையின் தனிமையை மற்றொரு நிகழ்ச்சி நன்கு உணர்த்தும். பாங்கியாங் என்னும் தந்தி நிலையத்தில் பர்சினி தம் நாளிதழுக்குச் செய்தி அனுப்பினார். அதனைப் பெற்ற அலுவலர் முதல் எண்ணை இட்டுப் பதிவு செய்தார். அன்றைய நாளின் முதற்செய்தி போலும் என்று பர்சினி எண்ணினார். நிலையம் தோன்றி ஆறு ஆண்டுகளில் அங்கிருந்து அனுப்பப்பட்ட முதற்செய்தியே அதுதான் என்று பின்னர் அறிந்து வியந்தார்.

இவ்வளவு முன்னேற்பாடு செய்த போர்கேசேக்கும் இடர்கள் வராமல் இல்லை. உர்காவிற்கு வடக்கே சதுப்பு நிலத்தில் அவருடைய கனத்த வண்டி ஆழப் புதைந்தது. மங்கோலியரும் அவர்தம் எருதுகளும் இழுத்துக் கரையேற்ற வேண்டியதாயிற்று. பைக்கால் ஏரியின் அருகே ஒரு பழைய மரப்பாலம் முறிந்து, வண்டி பின்புறமாகக் கீழே விழுந்தது. யூரல் மலைகளைக் கடந்தபின் சக்கரம் ஒன்று சிதைந்தது. அந்நாட்டுத் தச்சர் ஒருவர் கோடரியைக் கொண்டே அதனைப் புதிதாக ஆக்கித் தந்தார். இவற்றுள் ஒன்றையும் எந்தத் திட்டமும் முன்னரே கூறியிருக்க இயலாது. ஆயினும், எரிபொருளும் உணவும் கையிருப்பில் இருந்தமையால், நேர்ந்த இடையூறு ஒன்றையே எண்ணி அதற்கு மாற்றுத் தேட அவர்களால் முடிந்தது. திட்டத்தின் பயன் இதுவே. அது துன்பத்தை வாராமல் தடுப்பதன்று. ஒரு துன்பம் வரும்போது மற்றொன்று உடன்வாராமற் காப்பது.

1907 ஆகஸ்டு 10ஆம் நாள் இத்தாலா வண்டி பாரிசை அடைந்தது. இடையில் மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் நகருக்கு விலகிச் சென்று விருந்துண்டு வந்தபின்னும், எஞ்சிய மூன்று வண்டிகளுக்கு 20 நாள்கள் முன்னதாக அது வந்துசேர்ந்தது. இத்தாலியின் தூரின் நகரத்து மோட்டார்க் காட்சிச்சாலையில் அவ்வண்டியை இன்றும் காணலாம்.

இக்காலத்தில் கோபியின் ஊடே இருப்புப்பாதையும் தார்ச்சாலையும் செல்கின்றன. செயற்கைக்கோளின் உதவியால் வழிகாட்டும் கருவிகளும் பயணிகளின் கையில் உள்ளன. ஆயினும், பெருஞ்சாலையை விட்டு விலகிச் செல்வோர்க்குப் பழைய கணக்கு மாறவில்லை. கருவி வழியைக் காட்டும், நீரைத் தாராது. அதன் மின்கலம் தீர்ந்தால் வழியையும் காட்டாது. நீர் எங்கே, எரிபொருள் எங்கே, இடையே எவ்வளவு தொலைவு, குறித்த நாளில் வந்து சேராவிடின் நம்மைத் தேடி வருவார் யார் என்னும் வினாக்களுக்கு விடை கண்டபின்னரே அவர்கள் புறப்படுதல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. பாலையில் எழுந்த நீர்வேட்கையைப் பாலையில் நின்று தீர்த்தல் அரிது; ஊரில் இருக்கும்போதே தீர்த்தல் எளிது.