சீவற்றொழிலும் முதலும்

உரும்பிராயின் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் விளைவிப்பவன், சந்தையில் விலை இறங்கிவிட்டதென அறிந்தால், வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி வீட்டு வளையில் தொங்கவிட்டுச் சில வாரம் பொறுத்திருப்பான். தோட்டவேலிக்கு அப்பாற் பனையேறுபவனுக்கு அப்பொறுமை வாய்ப்பதில்லை. பாளையிலிருந்து சாறு துளிக்கத் தொடங்கியதுமே நுண்ணுயிர்கள் அதன் இனிப்பை மதுசாரமாக மாற்றத் தொடங்குகின்றன. காலையில் இறக்கிய கள்ளு மாலைக்குள் கடுத்துவிடும்; மறுநாள் புளித்துக் காடியாகும் வழியிற் சென்றுவிடும். முட்டியிற் சுண்ணாம்பு பூசினால் அம்மாற்றந் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதனையுங் காலந்தாழ்த்தாது காய்ச்சிப் பனங்கட்டியாக்க வேண்டும். அதற்கு விறகும் வீட்டுப் பெண்களின் உழைப்பும் வேண்டும். எனவே, விற்பவன் அவசரத்திலும் வாங்குபவன் ஆறுதலாகவும் நின்று பேசும் பேரம் இது. முதல் எனப் பொருளியலார் கூறுவதன் உட்பொருள், காத்திருக்கும் வலிமையே எனலாம்.

சீவற்றொழிலாளனிடத்து அவ்வலிமை சேராமைக்குக் காரணம் அவனது சோம்பலோ குடியோ எனச் சிலர் எளிதிற் கூறிவிடுவர். நாள்தோறும் இருமுறை உயிரைப் பணயம்வைத்து மரமேறுபவனைச் சோம்பேறி என்பது நகைப்புக்குரியது. மரம் காணிக்காரருடையது, தவறணை குத்தகைக்காரருடையது. தளைநாரும் பாளைக்கத்தியும் முட்டியுமே அவனுடையவை.

இந்நிலை ஒரு தலைமுறையில் ஏற்பட்டதன்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிற் பள்ளரும் நளவரும் அடிமைகளின் வரிசையில் வைத்தெண்ணப்பட்டனர். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விடுதலை கிடைத்தது, ஏறிய பனையில் ஒன்றேனும் உடன்கிடைக்கவில்லை. பிரேசில் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஆபிரிக்க வழிவந்தோர் அங்கு 1888 மே 13இல் அடிமைத்தளை நீங்கினர். நிலமோ கடனோ அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிற் கறுப்பர் எனவும் கலப்பினத்தர் எனவும் தம்மைப் பதிந்தோர் நூற்றுக்கு 55 பேருக்கு மேற்படுவர். அத்தகைய பெருந்தொகையினர்க்கும் 2002இல் அட்ரியானா பார்போசா என்னும் பெண்மணி, சாவோ பவுலோ நகரில் ‘கறுப்பர் சந்தை’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு விற்பனை விழாவைத் தொடக்கவேண்டியிருந்தது. பொருள் செய்யும் கைகள் இருந்தன. அவற்றைத் தேடிவரும் வாங்குவோர்க்குரிய இடமே வேண்டப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரும், தேநீர்க்கடையிற் சமமாக அமரும் உரிமைக்கே நெடும்போராட்டம் வேண்டியதாயிற்று. கடையை உடைமையாகக் கொள்ளுதல் அதற்கும் அப்பாற்பட்ட பேச்சு.

ஆதலால் 1972இல் வடபகுதியில் எழுந்த சீவற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களைச் சாதாரண அரசாங்க ஏற்பாடென ஒதுக்கிவிடலாகாது. பிற்காலத்திற் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என வழங்கிய இவை, குத்தகைக்காரர் நின்ற இடத்தில் தொழிலாளரின் சங்கத்தையே நிறுத்தின. உறுப்பினன் இறக்கிய கள்ளைச் சங்கம் அளந்தேற்கும்; தன் தவறணையிலே விற்கும்; கிரயத்தைக் கணக்கில் வைக்கும். பருவம் மிகும் மாதங்களில் தவறணையில் விற்றுத் தீராத கள்ளு ஓடையிற் கொட்டப்படுவதே முன்னைய வழக்கம். அம்மிகுதியைப் போத்தலில் அடைக்கவும், திக்கம், வரணி வடிசாலைகளிற் பனஞ்சாராயமாக வடிக்கவும் வழி திறந்தபோது, மாலைக்குள் கெடும் பொருள் மாதக்கணக்கில் நிற்கும் பொருளாயிற்று. வெங்காயக்காரனது வளை பனையேறிக்கும் கிடைத்தது என்க. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஒடியல், பனாட்டு, ஓலைப்பொருள் ஆகியவற்றையும் இவ்வழியிற் சேர்க்க முயன்றது.

மதுவை விற்றுத்தான் ஒரு சமூகம் முன்னேறவேண்டுமோ எனச் சைவநெறி நிற்போர் வினவுவர். தகுந்த வினாவே. எனினும், தவறணையை வெறுத்த பெரியோர் பலரும் தம் வளவுப் பனைக்கு வாடகை பெறுவதை வெறுத்தனரென்பதற்குச் சான்றில்லை. கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் கள்ளுக்கு ஈடான வருவாய் கிட்டுமாயின் தொழிலாளன் தானே சுண்ணாம்புக்கு மாறுவான். அவ்வருவாய்க்கு வழிசெய்யாது உபதேசஞ் செய்வதாற் பயனில்லை.

சங்கங்கள் குறைவற்றன என்பதற்கில்லை. போர்க்காலத்தில் வடிசாலைகள் முடங்கின. தென்னிலங்கைச் சந்தையும் எட்டாததாயிற்று. மரமேறும் தொழிலின் இழிபெயரும் ஆபத்தும் அஞ்சி இளைஞர் வேறு வேலை நாடினர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. இவற்றினும் ஆழமான குறை கணக்கைப் பற்றியது. சங்கம் உறுப்பினரின் உடைமை எனச் சட்டம் கூறினும், கணக்கேட்டை வாசிக்கத் தெரிந்தவர் கையிலேயே உண்மையான அதிகாரம் தங்கும். கடனுதவி, மானியம், இயந்திரம் என வெளியிலிருந்து வருவன யாவும் அவ்வேட்டின் வழியாகவே செல்லவேண்டும்.

வர்த்தகம் பயிலும் மாணவர் பரீட்சைக்காகக் கற்பனைக் கம்பனிகளின் ஐந்தொகையைப் பலமுறை தயாரிக்கின்றனர். அவர்களுட் சீவற்றொழிலாளரின் பிள்ளைகளும் உளர். தகப்பன் அங்கம் வகிக்கும் சங்கத்தின் ஐந்தொகையோ ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் விரைவாக வாசிக்கப்படுகிறது. காலைச் சீவலை முடித்துவந்த உறுப்பினர், மாலைச் சீவலுக்கு நேரமாகிறதென்று கையை உயர்த்தி அதனை நிறைவேற்றிவிட்டுச் செல்கின்றனர்.