கணினியில்லாக் கணினியியல்

கணினியில்லாக் கணினியியல் என்பது கணினியையோ திரையையோ பயன்படுத்தாமல், விளையாட்டு, உடல் அசைவு, அட்டை, கயிறு, சுண்ணக்கட்டி போன்றவற்றின் வழியாகக் கணினியியலின் அடிப்படைக் கருத்துகளைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முறை ஆகும். இவ்வகை முயற்சிகளுள் பரவலாக அறியப்பட்டது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலுள்ள கன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த 'கம்ப்யூட்டர் சயன்ஸ் அன்பிளக்ட்' என்னும் திட்டமாகும். டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோர் எழுதிய இதன் நூல் 1998 இல் வெளிவந்தது.

கணினியை இயக்கப் பழகுவதும் கணினியியலைக் கற்பதும் வெவ்வேறானவை என்பதே இம்முறையின் அடிப்படை. ஆதலால் கணினி ஒன்றுகூட இல்லாத பள்ளியிலும் இதனைக் கற்பிக்க இயலும்.

வரிசையாக்க வலையமைப்பு

திறந்தவெளிக்கு மிகவும் ஏற்ற விளையாட்டு இதுவே. முற்றத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு பெரிய வலை வரையப்படும். (மழைக்கு அஞ்சித் தார்ப்பாயில் வரைந்துகொள்வதும் உண்டு.) அதன் ஒரு முனையில் 6 வட்டங்கள், மறுமுனையில் 6 வட்டங்கள், இடையே 12 கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கோடுகள் வந்து சேர்ந்து, இரண்டு கோடுகள் பிரிந்து செல்லும்.

ஆறு சிறுவர்கள் ஆளுக்கோர் எண் அட்டையுடன் தொடக்க வட்டங்களில் நிற்பர். கோட்டின் வழியே சென்று ஒரு கட்டத்தை அடைபவர், மற்றொருவர் அங்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இருவரும் எண்களை ஒப்பிட்டபின் சிறிய எண்ணை உடையவர் இடப்பக்கமும் பெரிய எண்ணை உடையவர் வலப்பக்கமும் செல்வர். விதி இவ்வளவுதான். தொடக்கத்தில் எவ்வாறு நின்றிருந்தாலும் முடிவில் அறுவரும் ஏறுவரிசையில் நிற்பர். முழு வரிசையையும் எவரும் பார்க்கவில்லை, எவரும் கட்டளையிடவுமில்லை என்பது சிறுவர்களை வியப்பில் ஆழ்த்தும். பெரிய எண் இடப்பக்கம் செல்லவேண்டும் என எல்லாக் கட்டங்களிலும் விதியை மாற்றினால் இறங்குவரிசை கிடைக்கும்.

ஆறு எண்களில் ஒவ்வோர் இணையையும் ஒப்பிடுவதாயின் 15 ஒப்பீடுகள் வேண்டும். இவ்வலையமைப்பில் 12 போதும். ஒரே வேளையில் மூன்று ஒப்பீடுகள் வரை நடைபெறக்கூடும் என்பதால் 5 படிகளிலேயே பணி முடிந்துவிடும். பல செயலிகள் ஒரே வேளையில் இயங்கும் இணைக் கணிமை என்பதைச் சிறுவர்கள் தம் கால்களாலேயே உணரும் இடம் இது. விரைந்து ஓடியவரும் கட்டத்தில் காத்து நிற்க நேர்வதால், ஒருவரின் வேகம் மட்டும் பயன் தராது என்பதும் விளங்கும்.

இவ்வலையமைப்பு எப்போதும் சரியாக இயங்கும் என்று எவ்வாறு அறிவது? ஆறு வெவ்வேறு எண்கள் 720 வகையில் நிற்கலாம். அத்தனையையும் ஓடிப் பார்க்கத் தேவையில்லை. 0, 1 ஆகிய எண்களை மட்டும் கொண்ட 64 தொடக்க நிலைகளையும் ஒரு வலையமைப்பு சரியாக வரிசைப்படுத்தினால், அது எல்லா எண்களையும் வரிசைப்படுத்தும் என்பது நிறுவப்பட்ட உண்மை. உயர்வகுப்பு மாணவருக்கு இது நல்ல பயிற்சி.

மனித இயந்திரம்

இளஞ்சிறுவர்களுக்கான விளையாட்டில் தரையில் கட்டங்கள் வரைந்து, ஒருவர் நிரலாளராகவும் ஒருவர் சோதனையாளராகவும் ஒருவர் இயந்திரமாகவும் இருப்பர். 'முன்செல்', 'இடப்புறம் திரும்பு' போன்ற கட்டளைகள் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். இயந்திரமாக நிற்பவர் கட்டளை தவறு என்று தெரிந்தாலும் அதையே செய்ய வேண்டும். சிறுவர்களுக்கு இதுவே மிகக் கடினம். நண்பனுக்கு உதவும் எண்ணத்தில் தாமே திருத்தி நடந்துவிடுவர்! பிழை தென்பட்டால் நிறுத்தி, எழுதிய கட்டளையைத் திருத்தி, தொடக்கத்திலிருந்து மீண்டும் இயக்க வேண்டும். வழு நீக்கம் என்பது இதுதான்.

வரம்புகள்

விளையாட்டுடன் நிறுத்திக்கொண்டால் அது வெறும் ஓட்டப்பந்தயமாகவே மனத்தில் நின்றுவிடக்கூடும். நிரல் எழுதும் பயிற்சிக்கு இது மாற்றும் அன்று. இதனாலேயே இத்திட்டத்தின் இணையத்தளத்தில், அதே கருத்துகளைப் பின்னர் கணினியில் நிரலாக எழுதிப் பார்க்கும் பயிற்சிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. பாடங்களை ஆசிரியர்கள் கட்டணமின்றிப் பெறலாம்.